பதினொரு மாற்றங்கள்

விசுவமடுவில் நெல் செய்கிற கதிர்காமநாதனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். அதற்குக் கொடுத்த மருந்து அவருடைய நோயெதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தது. 2022 தையில் அவருக்கும் மனைவி இரஞ்சிதத்துக்கும் ஒன்றாகக் கொரோனா வந்தது. இரஞ்சிதம் ஒரு கிழமையில் எழும்பிவிட்டார். கதிர்காமநாதனை மட்டும் அது விட்டுப் போகவில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை முல்லைத்தீவு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் பஸ்னா வீட்டுக்கு வந்து அவருடைய மூக்கில் மாதிரி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் தொற்று இருந்தது.

"இன்னும் போகேல்லையோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. இருக்கு."

"இவ்வளவு நாளா உள்ளுக்கு என்னதான் செய்யுது?"

பஸ்னா மாதிரிக் குழாயை மூடி அன்றைய திகதியை எழுதினாள்.

சித்திரையில் இரஞ்சிதத்துக்குத் திரும்பவும் காய்ச்சல். இரண்டு தடுப்பூசி போட்டவர், நோயும் ஒருமுறை வந்து போனவர். நம்பமுடியாமல் பஸ்னா இரண்டு தரம் சோதித்தாள். கொரோனாதான். உறைகுளிர்ப் பெட்டியில் வைத்திருந்த கதிர்காமநாதனின் தை மாத மாதிரியையும் இருவருடைய புதிய மாதிரிகளையும் கொழும்புக்கு அனுப்பினாள்.

மூன்று கிழமை கழித்து அறிக்கை வந்தது. அந்த வைரஸின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்து நீளம். தை மாதத்தில் கதிர்காமநாதனிடம் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் பதினொரு எழுத்துகள் வேறுபட்டன. அவற்றில் ஏழு, வைரஸ் உடற்கலத்தைப் பற்றிப் பிடிக்கிற முள்ளில் இருந்தன. நோயெதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் அந்த முள்ளை வைத்துத்தான். இரஞ்சிதத்திடமும் அதே பதினொன்று; கணவரிடமிருந்துதான் தொற்றியிருக்கிறது.

வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விழும், பிழைகளில் அநேகம் அழிந்துபோகும், உடம்பின் கண்ணுக்குத் தப்பியது பெருகும் என்றெல்லாம் பஸ்னா படித்திருக்கிறாள். ஆனால் இது, குச்சியை மூக்கில் விடும்போதெல்லாம் "மெல்லமா பிள்ளை" என்று சொல்கிற ஒரு மனிதருக்குள் நடந்திருக்கிறது. அறிக்கையை அவள் முதலிலிருந்து திரும்பவும் வாசித்தாள்.

இரஞ்சிதம் ஐந்து நாளிலேயே தேறியிருந்தார். வைத்தியர்கள் புற்றுநோய் மருந்தை நிறுத்திவைத்து வைரஸுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனியில் கதிர்காமநாதனின் மாதிரி இரண்டு முறை தொற்றில்லாமல் வந்தது. இரண்டாம் முடிவு வந்த அன்று, கிளினிக்குக்கு வந்திருந்த இருவரிடமும் பஸ்னா அறிக்கையோடு போனாள்.

"உங்கட உடம்புக்குள்ளதான் அது மாறினது, ஐயா. கொழும்பில இருக்கிற வைரஸ் பட்டியலில இப்பிடி வேற ஒண்டும் இல்லையாம்."

கதிர்காமநாதன் சொன்னார்: "நான் சும்மா படுத்துக் கிடந்தனான். ஒண்டும் தெரியேல்லை."

"அப்ப நான் போட்ட ஊசி?" என்றார் இரஞ்சிதம்.

"ஊசியும் முதல் வந்த வருத்தமும் பழைய உருவத்தைப் பிடிக்கத்தான் உடம்பைப் பழக்கி வைச்சது, அம்மா. புதுசை உடனே பிடிக்க ஏலாமப் போச்சு. ஆனா உங்கட உடம்பு முழுக்க மறக்கவும் இல்லை. அதுதான் கெதியா எழும்பினீங்கள்."

"இப்ப அது எங்க?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"உங்கட வீட்டுக்கு வந்து போன எல்லாரையும் சோதிச்சம். ஒருத்தருக்கும் இல்லை. உங்கள் ரெண்டு பேரோடயும் முடிஞ்சுது."

அவர் அறிக்கையை வாங்கினார். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. மாறிய எழுத்துகளுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்த இடங்களை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். மாதிரி கொடுக்கக் காத்திருந்த அடுத்தவரின் பெயரைக் கூப்பிட வேண்டும். பஸ்னா கூப்பிடவில்லை. அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.