காற்றுக்கு ஒரு வழி

மலையில் மர வீட்டை வாடகைக்கு விடும் கேபின்காரர் அனுப்பிய ஆறு படங்களில் ஐந்தை அவன் மனைவி ஒரே பார்வையில் தள்ளிவிட்டாள். மலை, பள்ளத்தாக்கு, ஓடை, ஊஞ்சல், மேகம் எல்லாம் வேறு யாருக்கோ. ஆறாவது படம் மர வீட்டின் உள் அறை. அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் எண்களை எழுதினாள். ஜன்னல் மூன்றடிக்கு நாலு. கதவுக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அங்குலச் சந்து. பதினைந்து வருஷமாகத் திரைச்சீலை தைப்பவளுக்கு அளவுநாடா எதற்கு? சுவரில் ஒரு ப்ளக் பாயின்ட் தெரிந்தால் போதும், அதன் அகலத்தை வைத்தே முழு அறையையும் அளந்துவிடுவாள்.

"ஏங்க, ஹீட்டருக்கு மேல சுவத்துல இது என்ன ஓட்டை? சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கு."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டுவதற்குத் தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"பழைய வீடு. அந்தக் காலத்துல அப்படித்தான் கட்டியிருப்பாங்க."

அது என்ன ஓட்டை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்று மதியம்தான், அவன் வேலை பார்க்கும் பம்ப் ஹவுஸுக்குக் கேபின்காரர் போன் செய்திருந்தார். மோட்டார் சத்தத்துக்கு வெளியே வந்து, வால்வு மேடையில் நின்று பேசினான். சாவி வாசல் பெட்டியில் இருக்கும், நான் அடிவாரத்தில் குடியிருப்பதால் நீங்கள் வந்த மறுநாள் காலையில்தான் வருவேன், சாயங்காலம் ஐந்துக்கு மேல் போன் கிடைக்காது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"கேஸ் ஹீட்டர் போட்டா சுவத்துல இருக்கிற ஓட்டைய மட்டும் அடைச்சுடாதீங்க சார். எழுதி ஒட்டியிருந்தேன், மழையில போயிடுச்சு. அதான் வாயால சொல்றேன். போன வருஷம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. குளிருதுன்னு தலையணைய வச்சு அடைச்சுட்டாங்க. காலைல போய்க் கதவத் தட்டுறேன், திறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார். தூக்கத்துலயே போயிட்டாங்க. அந்த விஷ வாயுவுக்கு வாசனைகூட வராது, அதுதான் கொடுமை. திறந்து வச்சா ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

பயப்படாதே என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. சொல்லவேண்டியது வீட்டில் இருப்பவளிடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்குப் பட்டப்பகலிலேயே தெரியும். மகள் குருவி பிறந்து ஒன்பது வருஷத்தில் நாலு பயணம் திட்டம் போட்டார்கள். நாலு முறையும் பெட்டி கட்டினாள், நாலு முறையும் அவளே அவிழ்த்தாள். ஒரு முறை புயல் என்றாள், புயல் வேறு பக்கம் போய்விட்டது. ஒரு முறை கனவு. குருவிக்குக் குளிர் பட்டால் மூச்சு இழுக்கும் என்பது மட்டும் உண்மையான காரணம். மகளைப் பள்ளியில் எல்லோரும் குருவி என்பார்கள். ஆனால் கூட்டைவிட்டு ஒரு நாளும் பறந்ததில்லை. இந்த வருஷம் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று அவன் கேட்டபோது, "எங்கயும் வேணாம்பா, அம்மா அப்புறம் பயப்படும்" என்றாள் குழந்தை. அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு மாதம் கெஞ்சி மனைவியைச் சம்மதிக்க வைத்திருந்தான். இப்போது போய்ச் செத்தவர்களின் கதையைச் சொன்னால் பெட்டி மறுபடி பரணுக்குத்தான் போகும். நான் கூடத்தானே இருக்கப்போகிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

அடுத்த மூன்று நாள் தையல் அறையில் மெஷின் ஓயவில்லை. அவளுக்கு எதையும் ஒற்றையாகத் தைக்கவே வராது. திரைச்சீலை என்றால் இரண்டு பாதி, கை அப்படியே பழகிவிட்டது. டிவிக்கு உறை தைத்தால் இரண்டு, குருவியின் தண்ணீர் பாட்டிலுக்குப் பை தைத்தால் இரண்டு. "எனக்கும் மாத்துக்கு ஒரு புருஷனைத் தச்சு வச்சிருக்கியா?" என்று அவன் ஒரு முறை கேட்டு, கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டப்பட்டிருக்கிறான். கதவுச் சந்துக்கு மணல் அடைத்த நீளத் துணிப்பாம்பு தயாரானது. ஜன்னல் விளிம்புக்குப் பட்டை தயாரானது. கடைசி நாள், கெட்டியான பச்சைத் துணியில் பஞ்சு அடைத்த ஒரு வட்ட மெத்தையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இழுத்து எடுக்க நடுவில் ஒரு நாடா.

"அந்த ஓட்டைக்கு. இம்மி அளவு பிசகாது, போட்டா சிக்குன்னு உக்காரும். இனிமே குருவிக்கு இழுக்காது."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு பயணத்தின் சந்தோஷம் தெரிந்தது. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "பிரமாதம்" என்றான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கிளம்பும் அன்று காலை ஆறரைக்கு, மாற்று ஷிப்ட்காரனுக்கு அம்மை என்று பம்ப் ஹவுஸிலிருந்து போன் வந்தது. அன்று ஒரு நாள் அவன் நின்றே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பாதி ஊருக்குத் தண்ணீர் கிடையாது. குருவி ஷூவின் முடிச்சைத் தானாகவே அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்த மனைவி, யாரும் எதிர்பாராத விதமாக, "நாங்க முன்னாடி போறோம். நீங்க நாளைக்கு வாங்க" என்றாள். சொன்னவளே திகைத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். அவள் இன்னும் சுவரை விடவில்லை. ஒரு வார்த்தை போதும், அதோடு எல்லாம் முடிந்துவிடும். குருவி முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் தலை சீவிக்கொண்டிருந்தபோது அவன் பெட்டியைத் திறந்தான். துணிப்பாம்புக்கு மேலேயே பச்சை மெத்தை இருந்தது. எடுத்து, தன் காக்கிச் சட்டைகளுக்குப் பின்னால் அலமாரியில் திணித்தான். அளவுக்குப் பொருந்தாத எதையும் அவள் வைக்கமாட்டாள்; அடைக்க ஒன்றும் இல்லையென்றால் ஓட்டை திறந்துதானே இருக்கும். நாளை மதியம் அவனே போய்விடுவான், அப்போது நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்பது மணிப் பேருந்தில் இருவரையும் ஏற்றிவிட்டான். ஜன்னலில் குருவி இரண்டு கையையும் ஆட்டினாள்.

மூன்றரை மணிக்கு மனைவி போன் செய்தாள். "கடைசி ஊருங்க. இதுக்கு மேல சிக்னல் இருக்காதாம். குருவிக்கு லேசா இழுக்குது. நீங்க கவலைப்படாதீங்க, எல்லாத்துக்கும் ஏற்பாடு இருக்கு." அவள் குரலில் பெருமை இருந்தது. பாவம், பெட்டியைத் திறந்து தேடப்போகிறாள் என்று அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவனைத் தைரியப்படுத்தியது அன்றுதான்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ஆறு மணி. முதல் வேலையாக அலமாரியிலிருந்து மெத்தையை எடுத்தான். தையல் அறையில் மெஷின் மேல் வைத்துவிட்டால், அவசரத்தில் அவளே மறந்துவிட்டுப் போனதாகிவிடும். அறையில் புதுத் துணியின் வாசம் இன்னும் இருந்தது. வெட்டும் மேஜையில் மீதிப் பச்சைத் துணி மடிக்காமல் கிடந்தது. மெத்தையை வைக்க இடம் வேண்டி அதை ஒதுக்கினான். ஒதுக்கிய கை, வெட்டி எடுத்த ஒரு வட்ட ஓட்டைக்குள் நுழைந்தது. துணியை விரித்தான். மெத்தைக்கு முன்பக்கம் ஒரு வட்டம், பின்பக்கம் ஒரு வட்டம். இரண்டு இருக்கவேண்டும்.

நாலு இருந்தன.

மறுபடி எண்ணினான். நாலு வட்டத்துக்கு இரண்டு மெத்தை, கையில் இருந்தது ஒன்று. கேபின்காரரைக் கூப்பிட்டான், போன் ஓய்ந்துகிடந்தது. மனைவியுடையதும். அவசர எண்ணில் ஒரு பெண், எந்தப் பள்ளத்தாக்கு என்று கேட்டு, யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள். "மேல மூடுபனி சார். காலைல ஆறு மணிக்குத்தான் ரோடு திறப்பாங்க. கீழ இருந்து யாராவது நடந்து போக முடியுமான்னு பாக்குறேன். லைன்லயே இருங்க."

அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான். மறு கையில் துணி தொங்கியது. மேற்கு ஜன்னல் வழியாகக் கடைசி வெயில் அதன் மேல் விழுந்து, எதிர்ச் சுவரில் தட்டு அகலத்துக்கு நாலு வெளிச்ச வட்டங்களைப் போட்டது. துணி அசைய, அவையும் அசைந்தன. பிறகு வெயில் இறங்கிக்கொண்டே போக, கீழேயிருந்து ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.