ஜோசியர் சொன்ன கார்

மோட்டார் மாத இதழ் ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பத்தி எழுதிக்கொண்டிருந்த அவருக்கு, அலுவலகத்தில் ஜோசியர் என்று பெயர். இன்று ஓடுகிற எந்தக் காரை இருபது வருடம் கழித்து ‘கிளாசிக்’ என்று ஆட்கள் தேடி அலைவார்கள், எது பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவர் வேலை. பல தடவை பலித்திருக்கிறது. பலிக்காததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பது அந்தத் தொழிலில் ஒரு வசதி. ஆனால் அவர் சொல்லி இன்னும் பலிக்காத ஒன்று, அவருடைய சொந்தத் தங்கை வீட்டு ஷெட்டிலேயே துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் அது. டர்போ இல்லாத இன்ஜின், கையால் மாற்றுகிற கியர். அந்தக் கம்பெனி அப்படிச் செய்த கடைசி வண்டி. ‘இதை இன்று வாங்கி வைக்கிறவர் பின்னாளில் என்னை வாழ்த்துவார்’ என்று பதிமூன்று வருடத்துக்கு முன் ஜோசியர் எழுதினார். எழுதிய மையின் ஈரம் காய்வதற்குள் தங்கையின் கணவர் போய் முன்பணம் கட்டிவிட்டு வந்தார். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினார். பதில் பேச முடியாதவர்கள் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கார் பாக்க வர்றார். நீ கொஞ்சம் முன்னாடியே வந்து என்ன ஏதுன்னு பாத்துடு.”

“விக்கப் போறீங்களா? இன்னும் ஏழு வருஷம் இருக்கே.”

“இவருக்குக் கை நடுங்குது” என்றாள். “மூணு மாசமா நடுங்குது. போன வாரம் ஒரு பொம்பளைக்கு உதட்டுல குத்திட்டார். அன்னைக்கே கத்தி கருவியெல்லாம் கழுவித் துடைச்சு டப்பாவுல போட்டு மூடிட்டார். கீழ கிளினிக், மேல வீடு, ரெண்டுக்கும் வாடகை பாக்கி, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்றாங்க. எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது நீ சொன்ன கார் ஒண்ணுதான்.”

‘நீ சொன்ன கார்’ என்பதை அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அன்று மத்தியானமே ஜோசியர் போனார். ஷெட்டில் பல் டாக்டர் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தார். கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பெடல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுங்குகிற கைக்கு அந்த வேலை சுலபமாக வந்தது.

“வாங்க மச்சான். ஒரு பொட்டுத் தூசி இருந்தா என்னைக் கேளுங்க.”

தூசி இல்லைதான். பதிமூன்று வருடத்தில் அந்தக் கார் ஓடிய தூரம் ஒரு தபால்காரர் ஒரு வருடத்தில் சைக்கிள் மிதிக்கிற தூரம்கூட இருக்காது. ஆனால் ஜோசியர் கதவுப் பிடியைத் தொட்டபோது விரல் ஒட்டியது. உள்ளே மெத்தென்று இருந்த பிளாஸ்டிக் எல்லாம் உருகிய மிட்டாய் மாதிரி பிசுபிசுத்தது. பொத்தான்களின் மேல் இருந்த எழுத்துகள் பாதி அழிந்திருந்தன.

“ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சேன். கூடவே எழுத்தும் வந்துடுச்சு” என்றார் பல் டாக்டர். “எது எதுக்குன்னு எனக்கு மனப்பாடம். வர்றவருக்குச் சொல்லிக் குடுத்துடுவேன்.”

“ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள.”

இன்ஜின் சொக்க வைக்கிற சத்தத்தோடு எழுந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் ஜோசியர் அன்றைக்கு அப்படி எழுதினார், அதில் அவருக்கு இப்போதும் வருத்தமில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் ஸ்கிரீன் வலது பாதி மட்டும்தான் எரிந்தது. இடது பாதி கன்னங்கரேல் என்று கிடந்தது. ஒரு நிமிடம் கழித்து வலது பாதியும் இரண்டு தடவை துடித்து அடங்கியது.

அந்த வியாதி என்னவென்று ஜோசியருக்குத் தெரியும். கடந்த ஒரு வருடத்தில் அதே காரை வைத்திருந்த நாலு பேர் அவருக்கு எழுதியிருந்தார்கள். கம்பெனி அந்த மீட்டரைச் செய்வதை நிறுத்திவிட்டது. மீட்டர் இறந்தால் கார் சாவியை அடையாளம் காணாது. சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் எழாது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மாதா மாதம் நினைத்து மாதா மாதம் வேறு எதையோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“மழைக்காலத்துலேருந்து.” பல் டாக்டர் இன்ஜினை அணைத்தார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், “மச்சான், நீங்க இதப் பாக்கலைன்னு வெச்சுக்கோங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜோசியர் அந்த மீட்டரைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முதலில் கார் உடைக்கிற இரண்டு யார்டுகளுக்குப் போனார். ஒன்றில் அதே மாதிரிக் காரின் நசுங்கிய முன்பாதி மட்டும் கிடந்தது. அதிலிருந்து மீட்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை சிப்பு அக்காவிடம் வந்தார். லிஃப்ட், ஸ்கேன் மெஷின், ரொட்டிக் கம்பெனியின் அடுப்பு என்று எந்த மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு இறந்தாலும் ஊர் அவளிடம்தான் போகும். நாற்பது வயதுகூட ஆகாத அவளை அறுபது வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு மீட்டர்களையும் திறந்து பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

“நீங்க வாங்கிட்டு வந்தது அந்த உடைஞ்ச கார்கூடத்தான் பேசும். உங்க கார்கிட்ட வாயே திறக்காது.”

“பேச வைக்க முடியாதா?”

“கம்பெனியோட கம்ப்யூட்டர் ஒண்ணு ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டு விடணும். அத அவங்க போன வருஷமே மூடிட்டாங்க.” மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். “எங்க அப்பா காலத்துக் கார் வந்தா, கம்பி போயிருந்தா கம்பி போடுவேன். நூறு வருஷமானாலும் போட்டுக்கிட்டே இருக்கலாம். இதுல போனது கம்பி இல்ல, அனுமதி. அத நான் எங்கேயிருந்து செஞ்சு குடுக்கிறது?”

ஜோசியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பதினெட்டு வருடமாக உலோகத்தையும் சத்தத்தையும் வளைவுகளையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர், ஒரு மீட்டரைத் திறந்து இந்த உள்ளங்கை அகலப் பச்சை அட்டையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எரிஞ்சா போதும்.”

அவள் பழைய மீட்டரைக் கையில் எடுத்தாள். “இதையே சூடு காட்டி ஒட்ட வைக்கலாம். ஒரு மாசம் வரும், ஒரே நாள்லயும் போகும். விக்கிறதுக்கா?”

“இல்ல.”

“சரி” என்றாள். நம்பவில்லை என்று அவள் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் செய்து கொடுத்தாள். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அது அவருக்கு அடித்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் மீட்டரை மாட்டியபோது ஸ்கிரீன் முழுசாக எரிந்தது. தங்கை ஷெட் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் டாக்டர் மட்டும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆள் ஒன்பதரைக்குப் போன் செய்தார். மூன்று பேரும் ஷெட்டில்தான் இருந்தார்கள். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் ஸ்டேஷன்ல நிக்கிறேங்க. வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பத்தி எழுதுற ஐயா உங்களுக்குச் சொந்தம்னு சொன்னீங்களே, அங்க இருக்காரா?”

“இருக்கேன், சொல்லுங்க” என்றார் ஜோசியர்.

“ஐயா, வணக்கம்.” குரலில் உடனே ஒரு பணிவு வந்துவிட்டது. “நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவன். போன மாசம்தான் ரிட்டயர் ஆனேன். உங்க எழுத்து ஒண்ணு விடாம வெட்டி வெச்சிருக்கேன். எனக்குக் கார் ஓட்டுற ஆசையெல்லாம் இல்லீங்க. பொண்ணுக்குப் பேசவும் வராது, காதும் கேக்காது. எனக்கு அப்புறம் அவளுக்கு ஒண்ணு வேணும். வீடு வாங்குனா சொந்தக்காரன் புடுங்கிக்குவான். அதான் இது. நான் உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல. இது கிளாசிக் ஆகுமா? நீங்க வாயால சொல்லிட்டா போதும், ஏறி உக்காந்துடுவேன்.”

ஜோசியர் தங்கையைப் பார்த்தார். சின்ன வயதில் தன் பென்சில் டப்பாவை அண்ணன் தொலைத்துவிட்டபோது எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை.

“ஆகும்” என்றார்.

“மீட்டர் கீட்டரெல்லாம் சரியா இருக்குங்களா? அதுல ஏதோ கோளாறுன்னு ஒருத்தன் சொன்னான்.”

“நேத்து நானே பாத்தேன். முழுசா எரியுது.”

சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். தங்கை பெருமூச்சு விட்டாள்.

அப்போது பல் டாக்டர் கையை நீட்டிப் போனை எடுத்தார். விரல்களுக்கு நடுவே அது வழுக்கப் பார்த்தது, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நான் கார் வெச்சிருக்கிறவன் பேசுறேங்க. நீங்க வண்டி ஏற வேண்டாம்.”

“என்னங்க?”

தங்கை அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

“அந்த மீட்டர் செத்துப் போச்சுங்க. நேத்து சூடு வெச்சு எழுப்பி மாட்டியிருக்கோம். அது திரும்பச் சாகும். செத்தா வேற கிடைக்காது, கார் கிளம்பாது. முப்பது வருஷமா நான் பல் வைத்தியம் பாத்தேன். ஆடுற பல்லு மேல கேப் போட்டு ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்புனதில்ல. உங்க பொண்ணு பணத்தை இதுல போடாதீங்க.”

அந்தப் பக்கம் ஸ்டேஷன் அறிவிப்பு ஒன்று முழுசாகக் கேட்டு முடிந்தது.

“ஐயா இன்னும் பக்கத்துலதான் இருக்காருங்களா?”

“இருக்கார்.”

“சரிங்க” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று ஜோசியருக்கு இருந்தது. கணவரிடம் மெல்லக் கேட்டாள். “வலிக்காது, வலிக்காதுன்னு எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லியிருப்பீங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லக் கூடாதா?”

“அது வேற பொய்ம்மா.”

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேரும் சேந்து என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க. ஒருத்தன் பொய்யா எழுதி, ஒருத்தன் நிஜத்தைப் பேசி.”

மாடிப்படி ஏறிப் போனாள். இரண்டு ஆண்களும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“நான்தான் மச்சான் பாக்கலைன்னு வெச்சுக்கச் சொன்னேன்” என்றார் பல் டாக்டர் கடைசியில். “ஆனா நீங்க ‘ஆகும்’னு சொன்னப்போ, பதிமூணு வருஷம் முன்னாடி அந்த ஆளு இடத்துல நான் நின்னது ஞாபகம் வந்துடுச்சு.”

மாசக் கடைசிக்குள் அவர்கள் ஜோசியர் வீட்டுக்கே குடிவந்தார்கள். வேறு வழியில்லை. அவர் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். பந்தயக் கார் செய்கிற ஒரு பட்டறைக்காரன் இன்ஜினுக்காக அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனான். மீட்டரைக் கழற்றி ஷெட் தரையிலேயே போட்டுவிட்டுப் போனான். அவன் கொடுத்தது வைத்தியச் செலவுக்குக் கொஞ்ச நாள் வரும்.

ஜோசியர் தன் கடைசிப் பத்தியை எழுதினார். மீட்டர், அனுமதி, தான் திறந்து பார்க்காதது, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதினார். ஆசிரியர் பொய்யை மட்டும் வெட்டிவிட்டு, சிரிப்பு வரும்படி ஒரு தலைப்பு வைத்து வெளியிட்டார். அதற்குப் பிறகு ஜோசியர் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. கிரேன்காரருக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்தார். அவர் எடுக்கவே இல்லை.

தங்கை அண்ணனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காலையில் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள், முகம் துடைத்துவிடுவாள், இருவருக்கும் தட்டு வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே வந்து நின்றாள். “அந்த ஆளு வேற எங்கேயாவது இதே காரை வாங்கித் தொலைச்சிருப்பானா?”

“தெரியலம்மா. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கிறார்.”

“நம்பரைச் சொல்லு, நான் அன்னைக்கே அழிச்சுட்டேன்.”

தன் போனில் தானே போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். யார் என்று சொல்லிவிட்டு, “கார் எதுவும் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே கணவரின் தட்டைச் சுற்றிச் சிந்தியிருந்ததை இன்னொரு கையால் ஒதுக்கினாள். “பொண்ணு நல்லா இருக்காளா? ம். ம். சரிங்க” என்று வைத்தாள்.

“வாங்கலையாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுப்பில் இருப்பதைப் பார்க்க உள்ளே போனாள்.