இலைக்குள் ஒளித்த தண்ணீர்

உணவகத்தின் பின்கட்டில் நாள் முழுக்க லெட்டூஸ் கழுவுகிறவளுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் கை சில்லிட்டே இருந்தது. நின்று நின்று கால் கெஞ்சியது. பையில் சில குட்டி லெட்டூஸ்கள், முட்டைக்கோஸ் போல இலை அடுக்கியவை, கைக்குள் அடங்குகிற அளவு. வெளி இலை பழுத்துவிட்டதென்று கழித்துப் போட்டவை.

எல்லாம் மாமனாருக்காக. மனிதர் தண்ணீரே குடிப்பதில்லை. உடம்பு வற்றிப்போய்ப் போன மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்றுவிட்டார் டாக்டர். இவள் கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். இரவு வேலைக்குப் போகும் கணவனோ, "நீ பாத்துக்கோ" என்று கழன்றுகொண்டான். பிடிவாதம் பிடித்த கிழம் என்று இவள் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

லெட்டூஸில் பெரும்பங்கு தண்ணீர்தான். குடிக்காவிட்டால் போகிறது, தின்னட்டுமே!

பழுத்த இலையை உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காய்ந்த சட்டியில் வெட்டுப்பக்கத்தைக் கவிழ்த்தாள். பெரிய லெட்டூஸ் சூட்டில் துவண்டுவிடும். இது நெருக்கமான இலை. அடி சிவந்தாலும் குருத்து மொறுமொறுவென்றே நின்றது. உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தட்டை நீட்டினாள்.

"இலை தழையெல்லாம் திங்க நான் என்ன ஆடா?" என்றவர், ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தார். "இனிக்குதேம்மா!"

இரண்டு துண்டு மளமளவென்று உள்ளே போனது. இவளுக்கு அசதியெல்லாம் பறந்துவிட்டது.

"இதுல என்னம்மா சத்து?"

"கண்ணுக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது மாமா. மத்தபடி எல்லாம் தண்ணிதான்" என்று வாய்தவறி உளறினாள்.

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். தட்டைத் தள்ளிவைத்தார்.

"போதும்மா."

"ஏன் மாமா என் உயிர வாங்குறீங்க?" இவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "தண்ணி உள்ள போனா ராத்திரி நாலு தடவ எந்திரிக்கணும். தனியா நடக்க முடியல. உன்னத்தான் எழுப்பணும். நீயே செத்துச் சுண்ணாம்பாகி வர்ற. தூங்கற பொண்ண எப்படிம்மா எழுப்புறது?"

இத்தனை நாள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் மிச்சமிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவர் தொடாமல் வைத்திருந்த குவளைத் தண்ணீரையும் மடமடவென்று பாதி குடித்தாள்.

"ராத்திரி இப்ப நானும் எந்திரிச்சாகணும். அசந்து தூங்கிட்டா நீங்கதான் எழுப்பணும், மாமா."

அவர் குவளைக்காகக் கையை நீட்டினார்.