பூமீனுக்குப் பேர் வந்த கதை

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தன் வாயிலிருந்தும் 'தெரியாது' என்ற சொல்லை வாங்க முடியாது. கேரளாவில் எந்த மூலையில் இருக்கிற எஸ்டேட்டைக் கேட்டாலும் சரி, "ஏறுங்க சார், நம்ம போகாத எடமா?" என்பார்கள். குமுளி தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டி, நாலு பேரிடம் வழி விசாரிப்பார்கள். நம்பி வந்து கேட்கிறவனிடம் தெரியாது என்று கையை விரிப்பது மரியாதைக்கேடு என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கட்சிக்குத் தலைவர் என்று ஒருத்தரைச் சொல்ல வேண்டுமானால் அது சின்னப்பராஜ்தான். அடேயப்பா, என்ன வாய் அது! அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அவன் தங்கச்சி செலினுக்கு அந்த வருசம் அவ்வளவு பாடு வந்திருக்காது. ஆனால் வாய் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது.

எழுபத்து நாலாம் வருசம். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த மேனன், ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையை விட்டு இறங்கி வருவார். லோயர் கேம்ப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் ஆழமான கசம் ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து தூண்டில் போடுவார். அவருக்கு வேண்டியது பூமீன். சாதாரண மீனா அது? ஆள் நீளத்துக்கு வளரும், செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும், மாட்டினால் ஒரு மணி நேரம் மனுசனை இழுத்தடிக்கும். அவ்வளவு மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். "பிடிச்ச மீனை விடறதுக்கா பெட்ரோல் போட்டு வர்றாரு இந்த மனுசன்?" என்று ஸ்டாண்டு டீக்கடை பலவேசம் தலையில் அடித்துக்கொள்வான். மேனனை ஏற்றி இறக்குவது சின்னப்பராஜின் வண்டிதான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. மேனனைத் திரும்பக் கொண்டுபோய் விடக் கிளம்பும்போது செலினும் பூசை முடிந்த கையோடு வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் புருசன் அந்தோணிமுத்து ஏலத்தோட்ட வேலைக்கென்று மலையேறி இரண்டு வருசம் ஆகிறது. முதலில் கொஞ்ச நாள் தகவல் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. குமுளியில் ஏலக்காய்க் கடைகளில் விசாரித்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

பார்த்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். மே மாதக் கடைசியில் வண்டிப்பெரியாறு சந்தையில் அந்தோணிமுத்துவைச் சின்னப்பராஜ் நேருக்கு நேர் பார்த்துவிட்டான். தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பொம்பளை. மச்சானைக் கண்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு சந்துக்குள் நுழைந்துவிட்டான். அன்றிலிருந்து சின்னப்பராஜுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்லவும் துப்பில்லை. சவாரி இல்லாத நேரத்தில்கூட வண்டியை எடுத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருந்தான்.

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது மேனன் பேச்சை எடுத்தார்.

"சின்னப்பா, நம்மட ஆளுக இந்த மீனுக்குக் குயிலுன்னு சொல்லும். மீனுக்கு எதுக்குக் குயிலு பேரு? ஆருக்கும் அறியில்ல. இங்கிலீசுல மகசீர். அது வடக்கே இருந்து வந்த சொல்லு. பெரிய தலைன்னு ஒரு ஆளு அர்த்தம் பறயும், பெரிய வாயின்னு வேற ஆளு. பெரிய செதிலுன்னும் உண்டு. மீனுக்குள்ள இவன் சிங்கமாக்கும்னு இன்னொரு ஆளு. ஏது சரின்னு எனக்கு அறியில்ல. நீங்க ஏன் பூமீன்னு சொல்லும்?"

இந்தக் கேள்வியை அதற்கு முன்னும் பலபேர் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தரிடம் செதில் தாமரை இதழ் மாதிரி இருப்பதால் என்றான் சின்னப்பராஜ். இன்னொருத்தரிடம் கறி மல்லிகைப்பூ மணக்கும் என்று கூசாமல் சொன்னான். அன்றைக்கும் அந்த மாதிரி எதையாவது சொல்லித் தொலைத்திருப்பான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து செலின் கேட்டாள்.

"அண்ணே, சாரை விடத்தான் போறோம். அப்படியே வண்டிப்பெரியாத்துச் சந்தையிலயும் விசாரிப்பமா? அங்கன யாராச்சும் அவுகளைப் பாத்திருப்பாக."

அந்தப் பேச்சை அங்கேயே அடைக்க வேண்டும். சின்னப்பராஜ் காதில் விழாதவன் போல மேனன் பக்கம் திரும்பினான். நாக்கு தானாக ஓடியது.

"அது பெரிய கதை சார். அந்தக் காலத்துல மலையைக் குடைஞ்சு அந்தப் பக்கத்துத் தண்ணியை இங்கிட்டுக் கொண்டாந்தாகள்ல, அதுக்கு ஊரு ஊரா ஆம்பளைக போனாக. பாதிப் பேரு திரும்பல. வீட்டுப் பொம்பளைக என்ன செய்வாக? ஆத்துக்கு வந்து, போன ஆளு பேரைச் சொல்லிப் பூவைப் போடுவாக. இந்த மீனு அந்தப் பூவை முழுங்கிட்டு எதிர்த் தண்ணியில ஏறும். ஆளு எங்கன இருந்தாலும் சரி, அங்கன போயி நிக்கும். தண்ணி குடிக்கக் குனியிறவன் கண்ணுல இது பட்டுச்சுன்னா வீட்டு நெனப்பு வந்துரும். திரும்பிருவான். அதான் சார் பூமீனு."

"ஹோ! இது ஒரு புஸ்தகத்திலயும் இல்ல!" என்று மேனன் தொடையைத் தட்டினார்.

குமுளியில் வண்டி நின்றதும் செலின், "நான் இங்கனயே எறங்கி பஸ்ஸுல போறேண்ணே. சந்தைக்கு வேண்டாம்," என்றாள். தப்பித்தோமடா சாமி என்று சின்னப்பராஜ் பெருமூச்சு விட்டான். அந்த நிம்மதி ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் தலை சீவி, சேலை மாற்றிக்கொண்டு அவன் வாசலில் நின்றாள். "அண்ணே, பூ வாங்கிக் குடு. ஆத்துக்குப் போவம்."

"அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நீதானே சொன்ன? வாண்ணே. நீ வந்தாத்தான் ஆகும். அவுக பேரை நான் எப்படிச் சொல்றது?"

கட்டினவன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒன்றுபோல நம்புகிற ஊர் அது. ரேசன் கடையில் புருசன் பேரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். செலின் மட்டும் விதிவிலக்கா? பூக்காரி மொக்கம்மாள் கூடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, சின்னப்பராஜ் அவளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனான். அவள் பூவை விட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தோணிமுத்து!" என்று ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டான். தண்ணீர் பூவை இழுத்துக்கொண்டு போனது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். மழையா, வெயிலா, சவாரி காத்துக்கிடக்கிறதா, ஒன்றும் கணக்கில்லை. காலையில் எழுந்ததும் அவன் கால் தானாக மொக்கம்மாள் கூடைக்குப் போனது. பூ வாங்குவது சொல்வதைவிட லேசாக இருந்தது, அவ்வளவுதான் விசயம்.

ஜூலையில் கதை ஊருக்குள் இறங்கிவிட்டது. பக்கத்துத் தெரு ஜக்கம்மா ஒரு நாள் கூட வந்தாள். அவள் வீட்டுக்காரனும் மேலே எங்கோ எஸ்டேட்டில் இருந்தான். "எங்க வீட்டாளு பேரையும் சேத்துக் கூப்பிடுப்பா," என்றாள். கூப்பிட்டான். கெட்ட நேரம் பாருங்கள், அந்த வருசம் மேலே மழை கொட்டித் தீர்த்தது. எஸ்டேட்டில் வேலை நின்றுபோய், ஜக்கம்மா புருசன் அடுத்த வாரமே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிறகென்ன! பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பூ, ஆளுக்கொரு பேர். அத்தனை பேரையும் தொண்டை வற்றக் கூப்பிட ஒரே ஆள் சின்னப்பராஜ். ராத்திரி தூக்கத்திலும் பேர் சொல்லி உளறுகிறான் என்று அவன் பெண்டாட்டி குறைப்பட்டாள்.

ஆகஸ்டு பிறந்ததும் பங்குச் சாமியார் செலினைக் கூப்பிட்டுவிட்டார். திண்டுக்கல்லில் கன்னியர் நடத்துகிற ஆஸ்பத்திரியில் நர்சுக்குத் துணையாளாகப் படிக்க ஓரிடம் இருக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள், மாதா திருநாள் கழிந்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்றார். இருபத்தாறு வயதில் புருசன் இருந்தும் இல்லாமல், அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒதுங்கிக் கிடந்தவளுக்கு வேறு என்ன வழி வரப்போகிறது?

"மாட்டேன்," என்றாள் செலின்.

"ஏந்தாயி?" என்று கேட்டான் சின்னப்பராஜ்.

"நான் போயிட்டா ஆரு பூப் போடறது? ஜக்கம்மா வீட்டுக்காரரு வந்துட்டாக. அவுகளும் வர்ற நேரம்தான். வந்து பாத்து நான் இல்லேன்னா மனசு ஒடிஞ்சு போயிருவாக."

அன்றைக்குத்தான் சின்னப்பராஜுக்குத் தான் செய்த வேலை புரிந்தது. டீக்கடைக்குப் போய், இருந்த அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தான். "ஏலே, அந்தப் பூமீன் கதை பொய்யப்பா. மேனன் சார் கேட்டாருன்னு வாய்க்கு வந்ததை நான்தான் சொன்னேன். செலினுகிட்ட நாலு பேரு எடுத்துச் சொல்லுங்க."

பலவேசம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "எதுடா பொய்? எங்க தாத்தா சின்ன வயசுலயே எனக்குச் சொல்லியிருக்காரு."

"உங்க தாத்தாவா? ஜூன் மாசம் நான் சொன்னதுப்பா அது!"

"நீ பெறக்கும் முன்னாடியே உள்ள கதையை நீ சொன்னியாக்கும்! ரெண்டு வெள்ளைச் சட்டைக்காரனை வண்டியில ஏத்தினா ஊரு வழமையெல்லாம் பொய்யின்னு பேசச் சொல்லுதோ?"

"கொழுப்பு," என்றான் பெஞ்சில் இருந்த ஒருத்தன். இன்னொருத்தன் எதிர்த் தண்ணியில் மீன் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். மலைக்குள்ளே குழாயில் வருகிற தண்ணீரில் மீன் எப்படியடா ஏறும் என்று சின்னப்பராஜ் கத்தினான். ஏறும், அதுதான் அதன் சத்தி என்றார்கள். தன் வாயில் பிறந்த பொய்யிடம் தானே அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போய்ச் செலினிடமும் சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்தாள். "என்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பறதுக்காகச் சொல்ற. எனக்குத் தெரியாதா உன்னைய?"

இனி ஒரே வழிதான் மிச்சம். திருநாள் கழிந்த சனிக்கிழமை காலையில் பூ வாங்கப் போகாமல், "வண்டியில ஏறு," என்றான் அவளிடம். எங்கே என்று கேட்டாள். அவன் வண்டியை மலையேற்றினான். குமுளி தாண்டியதும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வண்டிப்பெரியாறு சந்தையில் மரவள்ளிக்கிழங்குக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். வராமல் இருக்கட்டும் என்று ஒரு மனசு வேண்டியது, வந்து தொலையட்டும் என்று இன்னொரு மனசு. வெகுநேரம் கழித்து, கூட்டத்துக்குள்ளிருந்து அந்தோணிமுத்து வந்தான். அதே குழந்தை தோளில் இருந்தது. அந்தப் பொம்பளை கிழங்கை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து அவன் பையில் போட்டாள்.

செலின் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள், மயங்கி விழுவாள் என்று அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக இருந்தான் சின்னப்பராஜ். அவள் வண்டியை விட்டு இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய் நின்றாள்.

"ஏலே அந்தோணிமுத்து!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அந்தோணிமுத்துவின் கையிலிருந்த பை கீழே விழுந்து கிழங்கு உருண்டது. குழந்தை மட்டும் எதையோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"ஆரா அது?" என்று கேட்டாள் அந்தப் பொம்பளை.

"நாட்டுக்காரி," என்றான் அந்தோணிமுத்து, யாரோ ஒரு ஊர்க்காரியைச் சொல்வது போல.

செலின் காதில் அது விழுந்தது. திரும்பி வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மலை இறங்கும்போது இரண்டு வளைவு தாண்டியது. அப்புறம் கேட்டாள். "நீ எப்பண்ணே பாத்த?"

"மே மாசம்."

"பூப் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா தாயி."

லோயர் கேம்ப் பாலத்தில் பொம்பளைகள் பூவோடு நின்றிருந்தார்கள். அவன் வண்டியைக் கண்டதும் கையைக் காட்டினார்கள். அவன் நிறுத்தாமல் ஓட்டினான்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஜீப்பில் ஏறச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சின்னப்பராஜ் பின்னாலேயே போய், ஜன்னல் ஓரத்தில் நின்றான். ஏதாவது சொல்ல மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் ஊதும் நேரத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள்.

"அவன் என்னைய விட்டுட்டுப் போனது ஒரு நாளுண்ணே. நீ தெனமும் எம்பக்கத்துல நின்னு அவன் பேரைக் கூப்பிட்டியே."