சண்டை என்று பொருள்

பிரசவ விடுதியின் உள்ளறையில் இருசம்மாளுக்கு வலி கூடிக்கொண்டே போனது. மருத்துவச்சி இல்டகார்டு வெளியறையில் நின்றிருந்தாள். உள்ளே போகக்கூடாது என்பது இன்ஸ்பெக்டர் காசிநாதனின் உத்தரவு.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அரியலூரில் இல்டகார்டு என்றொரு ஜெர்மன்காரி இருக்கிறாள் என்று யாரோ மொட்டைக்கடிதம் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து விசாரிக்க வந்த காசிநாதன் கண்டதோ செந்துறைப் பக்கத்துக் கறுத்த பெண்ணை. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது.

“நெசமான ஜெர்மன்காரியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

“நான்தாங்க அந்தப் பேருக்காரி. தலைப்பிரசவத்துக்கு எங்கம்மா தரங்கம்பாடிக்குத் தாய்வூடு போயிருந்தாங்க. ரெண்டு நாள் வலி. அங்கிருந்த ஜெர்மன் மிஷன் நர்சம்மாதான் ரெண்டு உசிரையும் காப்பாத்துனாங்க. அவங்க பேரையே எனக்கு வச்சுட்டாங்க. முந்தின சண்டையில அவங்களைக் கப்பலேத்தி அனுப்பிட்டாங்க.”

“அப்ப இது?” அவள் பெட்டியைச் சோதித்து எடுத்த கடிதத்தை அவர் உரக்கப் படித்தார். “‘இல்டு என்றால் போர். கார்டு என்றால் காவல். என் தமக்கை கெர்த்ரூது. கெர் என்றால் ஈட்டி, த்ரூது என்றால் வலிமை.’ சங்கேதமா?”

“பேருக்கு அர்த்தம் கேட்டு அந்த நர்சம்மாவுக்கு நான்தாங்க எழுதுனேன். இந்தச் சண்டைக்கு முன்னாடி வந்த பதில். அவங்க ஊர்ல ஆயிரம் வருசமா இப்படித்தான் வைப்பாங்களாம்.”

“பொட்டப்புள்ளைக்கு எவன்டி போர்னு பேர் வைப்பான்?”

உள்ளே இருசம்மாள் அலறினாள். இல்டகார்டு ஓரடி எடுத்து வைத்தாள். இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த ஏட்டு உள்ளறை வாசலை மறித்தார். உள்ளூர்க்காரர்தான், அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

“ஏட்டய்யா, உங்க பேரு என்னங்க?”

அவர் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். “வெற்றிவேல் படையாச்சி.”

“வெற்றி, வேல், படை. மூணுமே சண்டை” என்றாள் இல்டகார்டு. “அவரைப் புடிச்சு உள்ள போடுவீங்களா ஐயா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே தொட்டுப் பாத்தேன், அங்க புள்ளைக்குக் கால் முந்தி வருது. நான் போறேன். சுடறதுன்னா முதுகுல சுடுங்க.”

காசிநாதன் எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஆனால் ஏட்டு அதற்குள் விலகி நின்றிருந்தார்.

பின்னால் பூட்ஸ் சத்தம் வருகிறதா என்று கேட்டபடியே அவள் கை கழுவினாள். பிள்ளையின் கால் கைக்குத் தட்டுப்பட்டதும் பூட்ஸ் நினைப்பு அற்றுப்போனது. அரைமணி நேரம் கழித்து, நீலம்பாரித்து வெளியே வந்த ஆண்பிள்ளை, தட்டித் தேய்த்த பிறகு வீறிட்டு அழுதது.

அவள் வெளியே வந்தபோது காசிநாதன் இன்னும் அங்கேயே இருந்தார். கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

“லீலான்னு பேரை மாத்தி எழுதிக் குடு. இத்தோட விட்டுடறேன்.”

“மாத்த மாட்டேங்க.”

“அப்ப சண்டை முடியற வரைக்கும் திங்கக்கிழமை தவறாம ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடு.”

கடிதம் திரும்பி வரவேயில்லை. சண்டையோ இன்னும் ஐந்து வருஷம் நடந்தது. மழையிலும் வெயிலிலும் திங்கட்கிழமைகளில் இல்டகார்டு ஸ்டேஷன் படியேறினாள். “இல்டான்னு போட்டாப் போதும்மா” என்பார் எழுத்தர். அவள் ஓர் எழுத்தையும் விடமாட்டாள். போர் என்பதோடு பெயரை நிறுத்திவிட அவளுக்கு மனமில்லை. காவல் என்பதையும் சேர்த்தே எழுதினாள்.