ஏழு மணிக்குப் பலிபீடம், ஒன்பதரைக்கு மேஜை

ஹேமந்தின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது என்று அவனுடைய அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று சனிக்கிழமை முழுக்க மனப்பாடம் செய்தேன். ஞாயிறு காலைப் பூசையில் மைக் முன்னால் போய் நின்றதும் மனப்பாடம் செய்தது அப்படியே வந்துவிட்டது.

"இன்றைய திருப்பலி, மரித்த ஹேமந்த் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவருடைய தாயார் ரத்னா அவர்களின் வேண்டுதலின்படி ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

கேட்டவர் பெயரையும் சேர்த்துத்தான். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

'ஒரு குடும்பத்தின் சிறப்புக் கருத்துக்காக' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஊரில் பாதிப் பூசைகள் அப்படித்தான் நடக்கின்றன. கார் சீட் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு தையல் விலகியிருந்தால் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைத் திருப்பி அனுப்ப அன்று அங்கே யாரும் இல்லை.

இதில் என்ன பெரிய விபரீதம் என்று தோன்றலாம். ரத்னா அக்கா எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை, அதுதான் விபரீதம்.

ஒரகடத்தில் நடேசனின் டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆர்.சி.காரர்களான நாங்கள் அதில் பூசை வைக்கிறோம். ஒன்பதரைக்கு அதே ஹாலில் புராட்டஸ்டண்ட் சபையின் ஆராதனை. ஹாலில் இருப்பது ஒரே ஒரு மேஜை. ஏழு மணிக்கு நாங்கள் வெள்ளைத் துணி விரித்தால் அது பலிபீடம். துணியை எடுத்துவிட்டால் திரும்பவும் மேஜை. அவர்கள் வேறு துணி விரித்து, மாதத்தின் முதல் ஞாயிறு அதில்தான் திருவிருந்து வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் மேஜை இதுவரை தன் கருத்தைச் சொன்னதில்லை.

பூசை ஒரு பலி, அதை மரித்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்பது எங்கள் பக்கம். பலி சிலுவையிலேயே முடிந்துவிட்டது, இது அதை நினைத்து ஒன்றாக உட்கார்ந்து வாங்கும் விருந்து, மரித்தவர்களுக்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது அவர்கள் பக்கம். இந்தச் சண்டை ஐந்நூறு வருஷமாக நடக்கிறதாம். அதை டயர் கடை மாடிப்படிக்கு இறக்கிக் கொண்டுவந்த பெருமை எனக்கு.

ஹால் மைக்கில் பேசுவது படியிலும் கேட்கட்டும் என்று சபைக்காரர்கள் அங்கே ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பூசையின்போது அதை அணைத்துவைப்பது என் பொறுப்பு. அதையும் மறந்திருந்தேன். அன்று பார்த்து அவர்களுடைய பாடகர் குழு ஒத்திகைக்காகச் சீக்கிரம் வந்து படியிலேயே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு டீ வாங்கி வந்தவர் தாவீது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சபையின் செயலாளர், ரத்னா அக்காவின் கணவர். ஹேமந்தின் அப்பா.

பூசை முடிந்து நான் இறங்கியபோது டீ கிளாஸ்கள் தட்டோடு படியில் இருந்தன. யாரும் தொட்டிருக்கவில்லை.

ஹேமந்த் போன வருஷம் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது கண்டெய்னர் லாரியில் மோதி இறந்தான். ரத்னா அக்கா எங்கள் கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிறவர். அடக்கத்துக்கு நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். ஒரு மத்தியானம் என் தட்டில் பொரியலை வைத்துவிட்டு, "தம்பி, உங்க பூசைல வேத்து ஆளுங்க பேருக்கும் வைப்பாங்களா?" என்று கேட்டார். வைப்பார்கள் என்றேன். "சத்தம் போடாம வைக்க முடியுமா?" என்றார். அதற்கும் முடியும் என்றுதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் சேதி முழுசாக வந்துவிட்டது. ரத்னா அக்கா சபைக் கமிட்டி முன்னால் நின்று, செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் வருகிற ஞாயிறு திருவிருந்தில் சேரலாம். அப்படி முடிவு எடுக்கச் சொன்னவர் செயலாளர் தாவீதே. வீட்டில் அவர் அக்காவோடு பேசுவதில்லை. அக்கா கேன்டீனில் எனக்குச் சாம்பார் ஊற்றினார், முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

உடைத்தவன்தான் ஒட்ட வேண்டும் என்று கிளம்பினேன். முதலில் எங்கள் ஃபாதர். "ஃபாதர், பூசை பலியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"பலிதான். ஆனால்..."

'ஆனால்' வந்ததுமே காபி ஆறப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அது புதுப் பலி இல்லை, கல்வாரியில் நடந்த அதே பலி, திரும்ப நடப்பதில்லை, நம் முன்னால் வைக்கப்படுகிறது என்று நிதானமாக விளக்கினார். அப்படியானால் நடந்தது ஒரே தடவைதானே என்றேன். ஒரே தடவைதான் என்றார்.

அடுத்தது, மாடி ஹாலில் சபையின் பாஸ்டர். அவரும் நல்ல மனிதர். அங்கே டீ.

"பலி இல்லை பிரதர். ஒரே தடவைதான் நடந்தது. ஆனால் நாங்களும் ஸ்தோத்திரத்தைப் பலியாகச் செலுத்துகிறோம், எங்களையே செலுத்துகிறோம்."

இவரும் ஒரே தடவை, அவரும் ஒரே தடவை. அப்புறம் எதில்தான் சண்டை என்று கேட்டேன். பாஸ்டர் வேத வசனங்கள் காட்டினார். இன்னொரு டீ வந்தது. அக்காவுக்குத் திருவிருந்து உண்டா இல்லையா என்று நேராகவே கேட்டேன். "நான் யாரையும் தள்ளமாட்டேன். ஆனால் செயலாளர் குடும்ப விஷயம்..." என்று இழுத்தார்.

இறங்கி வரும்போது நடேசன் டயர் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தீர்ப்பு வந்துச்சா? எங்க ஊர்ல ஆடு வெட்னா பலி, பொங்க வெச்சா படையல். உங்களுது எதுல சேத்தி?"

"ரத்தம் சிந்தாத பலிங்க."

"அது எப்டி சார் பலி?" ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டார். நான் ஃபாதர் சொன்னதைப் பாதியும் பாஸ்டர் சொன்னதைப் பாதியும் சொன்னேன். அவர் திரும்பவும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது ஒரே ஷேர் ஆட்டோ. பின்னால் இடமில்லை. டிரைவர் பக்கத்தில் பாதி இடம், மீதிப் பாதி ரோட்டில். டிரைவர் தாவீது.

"ஏறு சவரி. மைக்கு இல்ல, பரவால்லியா?"

ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும், "தப்பு என்னுதுண்ணே. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"உன்னுது இன்னா தப்பு? நீ ஸ்பீக்கர் பொட்டி. பாட்டு அவளுது."

"அவங்க பெத்த புள்ள. ஏதோ மனசு கேக்காம..."

"எனுக்கு மட்டும் அவன் பக்கத்து வூட்டுப் புள்ளியா?" லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினார். "இத கேளு. பொட்டிய குழியில எறக்கறப்ப பாஸ்டர் இன்னா சொன்னாரு? கர்த்தர்கிட்ட போய்ட்டான்னாரு. அந்த ஒரு வார்த்தய புடிச்சிகினுதான் தெனம் வண்டி எடுக்கறேன், அதே ரோட்ல. இவ பூசை வெக்கறா. எதுக்கு? இன்னும் போய்ச் சேரலன்னுதானே? பாதி வழியில நிக்கறான், தள்ளி வுடணும்னுதானே?"

எங்கள் பக்கத்தில், மோட்சம் போகும் முன் ஆன்மாக்கள் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று உண்டு. அதை அந்த நேரத்தில் அவரிடம் விளக்குகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. முட்டாள்தனத்திலும் எனக்கு ஒரு தரப் பரிசோதனை இருக்கிறது.

"அக்கா அப்டிதான் சொன்னாங்களா? கேட்டீங்களாண்ணே?"

"பேசினாத்தானே கேக்கறதுக்கு. சோறு வெக்கிறா, துன்னுட்டு வர்றேன்."

"அண்ணா!" பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஜங்ஷன் தாண்டிட்டீங்கண்ணா! எனக்கு ஷிஃப்ட் பஞ்ச் போய்டும்!"

தாவீது பிரேக் போட்டார். ரோட்டிலிருந்த என் பாதி முழுசாகவே ரோட்டுக்குப் போகப் பார்த்தது.

முதல் ஞாயிறு வந்தது. பூசையில் மைக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், ஸ்பீக்கரின் ஒயரையே பிடுங்கி வைத்தேன். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் போகாமல் படியில் நின்றேன். சபைக்காரர்கள் ஏறினார்கள். சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் பார்க்காமல் போனார்கள். தாவீது மேல்படியில் இருந்தார். திருவிருந்துக்கான சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கிய தட்டு அவர் கையில்.

கடைசியாக ரத்னா அக்கா வந்தார். தலையில் முக்காடு. கமிட்டி முன்னால் அவர் போகவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். நேராகப் படியேறி வந்தார். குறுகலான படி, நடுவில் நான். நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

"அக்கா, மன்னிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஹேமந்த் இன்னும் போய்ச் சேரலன்னு நெனச்சா பூசை வெக்கச் சொன்னீங்க?"

மேலே கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அக்கா நிமிர்ந்து பார்த்தார், என்னைத் தாண்டி.

"இன்னா கேள்வி இது? வண்டி மோதின அன்னிக்கே போய்ச் சேந்துட்டான் எம்புள்ள. அதுல எனுக்கு சந்தேகமே இல்ல."

"அப்போ எதுக்குக்கா?"

"எதுனா குடுக்கணும் போல இருந்துச்சு, தம்பி. இருவத்திரண்டு வருஷம் அவனுக்கு எடுத்து வெச்ச கை. எங்க சபையில எல்லாம் முடிஞ்சிச்சு, நீ ஒண்ணும் செய்ய வேணாம், வந்து வாங்கிக்கன்றாங்க. நெசந்தான். வாங்கிகினுதான் கீறேன். ஆனா குடுக்கறதுக்கு ஒரு எடம் வேணாமா? உங்க பூசைல குடுக்கலாம்னு நீதான் சொன்ன. குடுத்தேன். அது தப்புன்னு நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்கு வாங்கிக்க வந்துகீறேன். நவுரு."