அத்தாவின் வெள்ளி, மாமனாரின் கிணறு

மணமேல்குடியில் "எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி இனிக்கும்" என்று யாராவது சொன்னால் ஊர் சிரிக்கும். ஷாநவாஸ் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னால் மட்டும் சிரிப்பதில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், டீ டீயாக இருக்கும். தோண்டியவர் ஷாநவாஸின் தகப்பனார் பக்கீர் முகமது. அவர் பேச்சை எடுத்தால் அந்த வீட்டில் அடுத்த வார்த்தை கிணறுதான்.

ஷாநவாஸின் மனைவி ரமீஜாவுக்கு அதில் பொறாமை இல்லை. பெருமையடித்துக்கொள்ள அவளுக்கும் பெற்ற அத்தா ஒருவர் இருந்தார். பேத்தி ஷிஃபா பிறந்தபோது வெள்ளிக் காப்பு ஒரு ஜோடி செய்து வந்தவர். "செம்பு சேக்காட்டி கையாலேயே வளைஞ்சிரும் பாய்" என்று கடைக்காரர் சொல்லியும், "வளைஞ்சா வளையட்டும், எம் பேத்தி கையில கலப்பு ஏறக் கூடாது" என்று நின்று வாங்கியவர். அவர் மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆயிற்று. காப்பு பீரோவில் இருந்தது.

ஷாநவாஸ் சவுதியில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பியவர். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பியை நிறுத்தி மின்சாரம் கொடுத்தால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தண்ணீரில் இறங்கும், அதைக் குடித்தால் சகல நோயும் ஓடும் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டார். பழைய லேப்டாப் சார்ஜரை அறுத்து, டிபன் டப்பாவில் ஸ்விட்சும் சிவப்பு விளக்கும் வைத்து, ராக்கெட் விடப் போகிறவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். சுத்தமான வெள்ளிக் கம்பிதான் இல்லை.

ரமீஜாவே பீரோவைத் திறந்தாள். "எங்க அத்தா வாங்குன வெள்ளி மச்சான். இதுல கொறை சொல்ல ஒரு ஆளு இனிமேதான் பொறக்கணும்."

அந்த ஆள் ஏற்கெனவே பிறந்து பக்கத்து வீட்டில் இருந்தாள். ஷாநவாஸின் அக்கா சாமியா வேடிக்கை பார்க்க வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

காப்புகளை நீட்டிக் கம்பியாக்கி, கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஷாநவாஸ் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கம்பியிலிருந்து வெள்ளை வெள்ளையாக இறங்கி, தம்ளர் முழுக்க அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கிப் போனது.

"வீடியோவுல தெளிவால்ல இருந்துச்சு" என்று அவர் முகத்தைச் சுருக்கினார். "வெள்ளியில ஏதோ கலப்பு போல."

"பாவம் ஒங்க அத்தா" என்றாள் சாமியா. "வெள்ளந்தி மனுஷரு. கடைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான்."

தன்னைச் சொல்லியிருந்தால் ரமீஜா பொறுத்திருப்பாள். கபருக்குள் இருக்கிறவர் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?

"ஏன், கோளாறு தண்ணியில இருக்கக் கூடாதா?"

அக்காளும் தம்பியும் ஒன்றாகத் திரும்பினார்கள். "எங்க அத்தா தோண்டுன கெணத்துலயா?"

ரமீஜா மூலையைக் காட்டினாள். அங்கே இன்வெர்ட்டரும், அதன் பக்கத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேனும் இருந்தன. "அப்ப இதுக்கு மட்டும் ஏன் மச்சான் கடையில வாங்குறீங்க? கெணத்துத் தண்ணியையே ஊத்த வேண்டியதுதானே?"

"அது எப்புடி? உப்புல பேட்டரி போயிரும்ல…" சொல்லி முடிக்கும் முன்பே ஷாநவாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரமீஜா கம்பிகளைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். வேறு தம்ளரில் கேன் தண்ணீர் ஊற்றினாள். ஸ்விட்சையும் அவளே போட்டாள். பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரமாகியும் தண்ணீர் கலங்கவில்லை. சாமியாவும் எழுந்து போகவில்லை. கடைசியில் ஷாநவாஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு, சாவிக்கொத்து லேசரைத் தம்ளரில் அடித்தார். தண்ணீருக்குள் சிவப்புக் கோடு ஒன்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நேராக நின்றது.

"கோடு தெரியுதுல்ல, வெள்ளிப் பொடி எறங்கியிருக்கு. கலங்கல, நெறமும் மாறல; முன்ன கலக்குனது கெணத்து உப்புதான். சுத்த வெள்ளிதான்" என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க. மதினிக்குக் கேக்கல."

சத்தமாகவே சொன்னார். ரமீஜாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணும் கலங்கியது. உடனே மகளுக்குப் போன் போட்டாள். புதுக்கோட்டையில் நர்ஸாக இருக்கும் ஷிஃபா ஸ்பீக்கரில் பதறிவிட்டாள். "குடிச்சுக் கிடிச்சுத் தொலைச்சிராதீங்க அத்தா! நோயி ஒண்ணும் போகாது. தோலுதான் சாம்பல் பூத்துரும், அப்புறம் மாறவே மாறாது."

ஷாநவாஸ் ஒரு நிமிஷம் வாடினார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். "குடிக்கவா செஞ்சேன்? நம்மளால செய்ய முடியுதான்னு பாத்தேன். முடிஞ்சுருச்சுல்ல?"

சாமியா மட்டும் முகம் தொங்கி, கலங்கிய தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்னால் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ரமீஜாவுக்குத் தோன்றியது. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து வந்து டீ போட்டாள்.

"ஒங்க அத்தா கெணத்துத் தண்ணிதான் மதினி. பேட்டரிக்கு ஆகாட்டிப் போகுது. இந்த டீயை அடிக்க ஊருல வேற தண்ணி ஏது?"

சாமியா மெதுவாகக் குடித்து முடித்தாள். "அந்தக் காப்பைத் திரும்ப வளைச்சு வை" என்றாள். "ஷிஃபாவுக்குப் புள்ள பொறந்தா வேணும்ல. சுத்த வெள்ளி."

ரமீஜா கம்பியை எடுத்து விரலால் அழுத்தினாள். கடைக்காரர் அன்றைக்குச் சொன்னபடியே அது கையாலேயே வளைந்தது.